"இதுல நம்ம ஊரு எங்கன இருக்கு?"
தகவல் படங்களின் தெளிவு குறித்துச் சில குறிப்புகள்

1

பெரியப்பாவுக்குத் திருச்சுழிக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் மானாவாரிப் பிஞ்சை. கரிசல். ஒரு வருஷம் பருத்தி போட்டு, காய் பிடிக்கிற நேரத்தில் மழை நின்றுபோய் எல்லாம் கருகிவிட்டது. பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருந்தார். பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கணக்கில் பணம் ஏறியது, எங்கள் ஊருக்கு ஏறவில்லை. ஏன் என்று கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனார். 'தமிழ்ல எம்மே படிச்சவன்' என்ற தகுதியில் நானும் துணைக்குப் போனேன்.

அங்கே சுவரில் பெரிய ஃபிளெக்ஸ் பலகை. அதில் ஒரு வட்டம், கேக் வெட்டினாற்போல ஏழு வண்ணத் துண்டுகள். கனமாகத் தெரிய வேண்டும் என்று வட்டத்தைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு சதவீதம். மூலையில் மாவட்ட வரைபடம், இன்னொரு மூலையில் சிரிக்கிற விவசாயக் குடும்பம். விவரம் எல்லாம் அதிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பெரியப்பா ரொம்ப நேரம் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "ஏண்டா தம்பி, இதுல நம்ம ஊரு எங்கன இருக்கு?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வாசிப்பு, பிரதி, வாசகத் தன்னிலை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிற எனக்கு, ஒரு பலகையின் முன்னால் வாயடைத்துப் போனது. நம் சிற்றிதழ்ச் சூழலில் எழுத்துப் பிரதியைக் கட்டுடைப்பதில் காட்டிய அக்கறையில் கால்வாசிகூடச் சுவரில் தொங்கும் படத்தின்மீது நாம் காட்டியதில்லை. ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களை அரசு சந்திக்கிற பிரதி பெரும்பாலும் இதுதான். இன்ஃபோகிராபிக் என்று பத்திரிகைக்காரர்கள் சொல்வதை நான் இங்கே தகவல் படம் என்று எழுதுகிறேன். ஒரு தகவல் படம் எப்போது தெளிவாக இருக்கிறது? பார்க்கிறவர் தன்னை அதற்குள் நிறுத்திப் பார்க்கவும், 'இது தப்பு' என்று விரல் வைத்துச் சொல்லவும் முடிகிறபோது. இதுவே என் கட்சி. இனி வருவது அதற்கான விளக்கம்.

2

தொல்காப்பிய உவமவியல், உவமை தோன்றும் வழிகளாக வினை, பயன், மெய், உரு என நான்கைச் சொல்கிறது. மெய் என்றால் வடிவு, உரு என்றால் நிறம் என்பது உரையாசிரியர்கள் தரும் பொருள். தகவல் படமும் ஓர் உவமைதான். எண் பொருள், படம் உவமம். இன்றைக்குப் படம் போடுகிறவர்கள் வடிவையும் நிறத்தையும் பற்றி மட்டுமே கவலைப்படுகிறார்கள். அந்த எண் என்ன செய்கிறது (நிறைகிறதா, வற்றுகிறதா, பங்கு பிரிகிறதா) என்ற வினையும், பார்த்தவர் அதை வைத்து என்ன செய்யலாம் என்ற பயனும் விட்டுப்போகின்றன.

வினையும் பயனும் கூடி வந்தால் படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் தேர்தல் சின்னங்களே சாட்சி. 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, பெட்டியின்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். சின்னத்தைப் பார்ப்பதும் சீட்டைப் போடுவதும் ஒரே செயலாக இருந்தது. படத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

ஆவின் பால் பாக்கெட்டையும் சொல்லலாம். நீலம், பச்சை, ஆரஞ்சு என்பவை கொழுப்பின் அளவைக் காட்டும் குறிகள். பச்சைக்கும் நான்கரை சதவீதக் கொழுப்புக்கும் எந்த ஒப்புமையும் கிடையாது. ஆனாலும் "பச்சை ரெண்டு குடுங்க" என்று கேட்டுக் கேட்டு, நிறம் பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. சசூர் சொல்கிற இடுகுறித்தன்மை பால்பூத்து வாசலில் தினமும் காலையில் நிரூபணம் ஆகிறது. குறிப்பான் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, புழக்கம் அதைக் குறிப்பீட்டோடு கட்டிவிடும்.

புழக்கம் கட்டுகிற கட்டு, படம் போட்டவர் நினைத்தபடியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டின் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் 1960களின் பிற்பகுதியில் சுவர்களுக்கு வந்தது. எளிய வடிவம், ஒரே நிறம், எந்தக் கொத்தனாரும் வரைந்துவிடலாம். வடிவமைப்புப் பாடத்தில் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டிய குறி அது. 1975-77 நெருக்கடி நிலையில் வட இந்தியாவில் கட்டாய அறுவைச் சிகிச்சைகள் நடந்தபின் அதே முக்கோணம் பலருக்குப் பயத்தின் குறியாகிவிட்டது. ஒரு குறியின்கீழ் என்ன செய்யப்பட்டதோ அதுவே நாளடைவில் அதன் பொருளாகிறது.

3

நிறத்துக்கு வருவோம். எங்கள் ஊரில் மழை வெறும் பேச்சுப் பொருள் இல்லை என்பதால் மழைப் படத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்ட வாரியாக மழை அளவைக் காட்டும் படம் ஒன்றை வெளியிடுகிறது. இயல்பைவிட 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது 'இயல்பு'தான், பச்சை. 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் சிவப்பு. 60 முதல் 99 வரை குறைந்தால் மஞ்சள். அதாவது நிலைமை மோசமாக மோசமாக நிறம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போகிறது. போக்குவரத்து விளக்கைப் பார்த்துப் பழகிய எந்தக் கண்ணும் மஞ்சளைச் சிவப்பைவிடத் தேவலை என்றுதான் படிக்கும். இதே துறையின் எச்சரிக்கைப் படத்தில் வரிசை வேறு: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. அங்கே சிவப்பு என்றால் பேய்மழை. 'ரெட் அலர்ட்' என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. ஒரு படத்தில் மழை இல்லாததற்குச் சிவப்பு, இன்னொன்றில் மழை கொட்டப்போவதற்குச் சிவப்பு. இரண்டையும் ஒரே செல்போனில் பார்க்கிறவர் குழம்பினால் அவருடைய படிப்பறிவைக் குறை சொல்ல முடியாது.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் விதி சிக்கலானதல்ல. கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போகிற ஒன்றுக்கு ஒரே நிறத்தின் வெளிர் முதல் அடர் வரை கொடுத்தால் போதும். நடுவில் ஓர் 'இயல்பு' இருந்தால் இரு பக்கமும் இரு நிறங்கள், விலக விலக அடர்த்தி கூடும். சிவப்பு - பச்சை இணையைத் தவிர்ப்பது நல்லது. அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத கண் ஆண்களில் நூற்றுக்குச் சில பேருக்காவது உண்டு.

நிறத்தைவிடப் பெரிய சிக்கல் 'இயல்பு' என்ற சொல்லில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. பெய்தது. வடகிழக்குப் பருவமழை மூன்று மாதத்திலும் சேர்த்துத் தமிழகத்துக்குச் சராசரியாகக் கிடைப்பதே 44 செ.மீ. அளவுதான். அப்படிப்பட்ட இரண்டு நாள் ஒரு மாவட்டத்தின் பருவக் கணக்கையே நீலமாக்கிவிடும். நீலம் குளிர்ச்சியான நிறம், வெள்ளத்தில் போனவர்களை அது காட்டாது. மானாவாரிக்காரனுக்கு மொத்தத்தைவிட நாள்தான் முக்கியம். விதைப்புக்கு ஒரு மழை, களை எடுத்ததும் ஒன்று, காய் பிடிக்கையில் ஒன்று. நடுவில் இருபது நாள் விட்டுப்போனால் மொத்தம் பச்சையாகவும் பிஞ்சை காய்ந்தும் இருக்கும். வாரத்துக்கு ஒரு கோடு போட்டு, அடியில் விதைப்பு, களை, காய் என்று எழுதினால் எங்கள் பக்கத்தில் எவருக்கும் புரியும். மொத்தக் கணக்கு மாவட்டங்களை ஒப்பிடுகிறவருக்கு வேண்டியது. வாரக் கணக்கு விதைக்கிறவருக்கு. யாருக்காகப் படம் என்பது எந்த எண்ணைக் காட்டுவது என்ற இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

4

எண்ணைக் கோடாகவும் பட்டையாகவும் வரையும் பழக்கத்தை வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட வணிக வரைபடத் தொகுப்பிலிருந்து கணக்கிடுவது வழக்கம். அதைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தவர் ஆட்டோ நியூராத். 1925இல் வியன்னாவில் தொடங்கிய அவருடைய அருங்காட்சியகம் தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து பார்ப்பதற்காகவே நடத்தப்பட்டது. 1934இல் ஆட்சி மாறியதும் அது முடிந்துபோயிற்று. ஐசோடைப் என்று பின்னால் பெயர் பெற்ற அவர்களுடைய முறையில் ஒரு விதி முக்கியமானது: அளவு கூடினால் படத்தைப் பெரிதாக்காதே, படங்களின் எண்ணிக்கையைக் கூட்டு.

இந்த விதியின் நியாயம் எளிது. இரண்டு மடங்கைக் காட்ட ஒரு மூட்டையை இரண்டு மடங்கு உயரமாக வரைந்தால் அகலமும் கூடவே கூடும். தாளில் அது பிடிக்கும் இடம் நான்கு மடங்காகிவிடும். கனமுள்ள மூட்டையாக நினைத்துப் பார்க்கிறவருக்கு எட்டு மடங்கு. பொய் சொல்லாமலே பொய் சொல்லலாம். 1984இல் கிளீவ்லாண்டும் மக்கில்லும் செய்த சோதனைகள், ஒரே அடிக்கோட்டிலிருந்து அளக்கும் நீளத்தைக் கண் மிகச் சரியாக ஒப்பிடுகிறது, கோணத்திலும் பரப்பிலும் கூடுதலாகத் தவறுகிறது என்று காட்டின. அலுவலகத்தில் பார்த்த சாய்ந்த வட்டம் இரண்டு தவற்றையும் ஒருசேரச் செய்திருந்தது. கோணத்தில் காட்டியது, போதாததற்குச் சாய்த்தும் வைத்தது. சாய்த்தால் முன்னால் இருக்கிற துண்டு பெரிசாகத் தெரியும். சித்திரகவியில் ரதபந்தம், நாகபந்தம் என்று செய்யுளைத் தேருக்குள்ளும் பாம்புக்குள்ளும் அடைப்பார்கள். அங்கே வியப்பதுதான் வாசகனின் வேலை. அரசுப் பலகை சித்திரகவியாகக் கூடாது.

நீளம் சரியாக இருந்தாலும் ஏமாற இடமுண்டு. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை அடியில் சொல்வது நம் பத்திரிகை மரபு. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அறுபது அடி என்றால் பாதி அணை என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த மட்டத்தில் இருப்பது ஏறக்குறைய 25 டி.எம்.சி.தான், கால்வாசிக்குச் சற்றே கூடுதல். அணை அடியில் குறுகி மேலே விரிந்து கிடப்பதால் வரும் வேறுபாடு இது. எங்கள் கண்மாய்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கரையடியில் ஆழம், உள்வாயில் மேடு என்பது அவர்களுக்குக் காலில் தெரிந்த கணக்கு. அடிக்கணக்கை ஒரே அகலப் பட்டையாக வரையாமல் அணையின் குறுக்குவெட்டு வடிவத்துக்குள் வரைந்தால், கண்ணே மீதியைச் செய்துகொள்ளும்.

5

இனி பெரியப்பாவின் கேள்வி. 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டும் பிரீமியம் காரிப் உணவுப் பயிருக்கு 2, ராபிக்கு 1.5, பருத்தி போன்ற வணிகப் பயிருக்கு 5 சதவீதம் வரை. இழப்பீடு அவரவர் பிஞ்சையைப் பார்த்துக் கொடுப்பதில்லை. பயிரைப் பொறுத்து வருவாய்க் கிராமமோ பிர்க்காவோ ஓர் அலகு. அந்த அலகில் சமவாய்ப்பு முறையில் சில வயல்களைத் தேர்ந்து, அளந்த துண்டில் அறுத்து எடைபோடுகிறார்கள். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். அந்தச் சராசரியை உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுகிறார்கள். கடந்த 7 வருஷத்தில் நன்றாக விளைந்த 5 வருஷத்தின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதம் என்று வைப்பது உத்தரவாத மகசூல். குறைந்தது எவ்வளவோ, அதை உத்தரவாத மகசூலால் வகுத்து, காப்பீட்டுத் தொகையால் பெருக்கினால் இழப்பீடு.

இதை வாசிக்கிற உங்களுக்கே ஒரு தடவையில் பிடிபட்டிருக்காது. பெரியப்பாவுக்காக நான் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்தேன். முதலில் போட்டது பள்ளிக்கூடத்து வரைகோடு: கீழே வருஷம், பக்கவாட்டில் மகசூல். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பாட்டி, "கம்மாக்கரை எதுக்குடா இப்பிடி ஏறி எறங்கிக் கெடக்கு?" என்றார். வரைகோடு உலகப் பொது மொழி என்ற நினைப்பு எனக்கு அத்தோடு போயிற்று.

அடுத்து நியூராத் வழியில் மூட்டைகள் போட்டேன். மேல் வரிசையில் உத்தரவாதம் 8 மூட்டை, கீழ் வரிசையில் விளைந்தது 6. கணக்கு எளிதாக இருக்க நானாக வைத்த எண்கள்தான். குறைவு 2, எட்டில் இரண்டு கால்பங்கு, காப்பீட்டுத் தொகை 20,000 என்றால் கிடைப்பது 5,000. இது சட்டென்று விளங்கியது. உடனே பெரியப்பா கேட்டார்: "நம்ம பிஞ்சையில ஒரு மூட்டைகூட இல்லையே, அந்த ஆறு மூட்டை யாரு ஆறு மூட்டை?"

என் படத்தில் இல்லாத வினை அதுதான். எல்லாருடைய விளைச்சலையும் ஒன்றாகக் கொட்டிச் சமமாகப் பங்கு போடுகிற செயல். மூன்றாவது படத்தில் பத்துப் பிஞ்சைகளைக் கட்டம் கட்டமாக வரைந்தேன். சிலதில் பத்து மூட்டை, சிலதில் நான்கு, பெரியப்பாவின் கட்டம் காலி, அதைச் சுற்றித் தடித்த கோடு. பரிசோதனைக்கு எடுத்த நாலு கட்டத்தில் மட்டும் ஒரு குச்சி நட்டேன். அந்த நாலும் களத்துமேட்டில் ஒரு குவியலாகச் சேர்ந்து, நாலால் பிரிந்து, எட்டு மூட்டைக்குக் குறையாமல் வந்தால் ஊருக்கே ஒன்றும் கிடையாது. பக்கத்து ஊரில் குச்சி நட்ட கட்டங்கள் காய்ந்திருந்தால் அங்கே விளைந்தவனுக்கும் பணம்.

பெரியப்பா தாளைக் கையில் வாங்கி, காலிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார். "அப்ப என் வெறும்பிஞ்சை, வெளைஞ்சவன் பிஞ்சைக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிருச்சு" என்றார். சராசரி என்னும் சொல்லாடலுக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கேள்வி வந்தது: "அந்த நாலு யாரு பிஞ்சை? என்னைக்கு அறுத்தாக?"

6

இந்த இடத்தில்தான் தகவல் படம் வடிவமைப்பு விவகாரமாக மட்டும் இல்லாமல் அதிகார விவகாரமாக மாறுகிறது. அலகின் பெயர், பரிசோதனை நடந்த சர்வே எண்கள், தேதி, எடை, உத்தரவாத மகசூல் ஆகிய ஐந்தும் இல்லாத பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் விளம்பரம்தான். விருதுநகர் மாவட்டம் 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மாவட்டங்களை அவை அடைந்த மாற்றத்தை வைத்து வரிசைப்படுத்தும் தரவரிசைப் படங்கள் வந்தன. மாற்றத்தைக் காட்டும் அம்பு எங்கிருந்து புறப்பட்டது என்று சொல்லாவிட்டால், நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்துக்கும் நகரத்துக்கும் ஒரே அம்புதான். மாவட்டம் ஏறுகிறது, ஊர் காணாமல் போகிறது.

மறுபக்கமும் உண்டு. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் 1994 முதல் நடத்திய மக்கள் விசாரணைகளில் வேலைப் பதிவேடுகளை ஊர்நடுவில் பெயர் பெயராக வாசித்தார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி எழுதியிருந்தால் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து சொன்னார். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின், யாரும் கேட்காமலே அரசு தானாக வெளியிட வேண்டியவை பற்றிய அதன் 4ஆம் பிரிவை நம்பி, ஊரக வேலைத் திட்டத்தில் யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு வாங்கினார் என்று பஞ்சாயத்துச் சுவர்களில் எழுதினார்கள். அதில் வட்டமும் இல்லை, அம்பும் இல்லை. வெறும் பெயர்ப் பட்டியல். ஆனால் ஒவ்வொருவரும் தன் பெயரைத் தேடுவார், அடுத்த வீட்டுப் பெயரையும் பார்ப்பார். நான் பார்த்தவரை நூறு நாள் வேலை நடந்த இடங்களில் எங்கள் பக்கம் நட்ட பலகைகளில் பெரும்பாலும் திட்டத்தின் பெயரும் மொத்தத் தொகையும்தான் இருந்தன. லட்சத்தில் எழுதிய தொகையோடு யாரும் சண்டை போட முடியாது. "ராமாயிக்கு 14 நாள்" என்று எழுதினால் ராமாயி சண்டைக்கு வருவார்.

நியூராத்தின் குழுவில் மேரி ரைடமைஸ்டர் செய்த வேலையை இங்கே நினைவுபடுத்த வேண்டும். புள்ளிவிவரக்காரருக்கும் ஓவியருக்கும் நடுவில் இருந்து, எதைக் காட்டுவது, எதை விடுவது, எந்த வரிசையில் என்று முடிவுசெய்தவர் அவர். நம் மரபில் இதற்குப் பெயர் உரையாசிரியர். சூத்திரத்துக்கும் மாணவனுக்கும் நடுவில் நிற்பவர், மாணவன் கேட்கப்போகும் கேள்வியைத் தானே எழுப்பிக்கொள்பவர். எங்கள் அலுவலகங்களில் கணக்கெடுப்பவர் இருக்கிறார், ஃபிளெக்ஸ் அடிப்பவர் இருக்கிறார். நடுவில் ஆள் இல்லை. தமிழ் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது ஒரு வேலை என்று தோன்றுகிறது.

அந்த வேலையின் முதல் பாடம், அச்சுக்குப் போகுமுன் படத்தை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவது. 'புரியுதா' என்று கேட்கக் கூடாது, மரியாதைக்காகப் புரியுது என்பார்கள். 'இதை வீட்டுக்குப் போயி எப்படிச் சொல்வீங்க' என்று கேட்க வேண்டும். அவர் சொல்கிற முதல் வாக்கியமே படத்தின் தலைப்பு. ஒரு படத்தில் ஒரு விஷயம் போதும். சிரிக்கிற குடும்பத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஊர்வாரியாக ஒரு பட்டியல் போடலாம்.

7

கண்மாய்க் கலுங்கில் வரிசையாக நட்ட குத்துக்கற்கள் உண்டு. தண்ணீர் கல்லின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கரையில் போகிற எவரும் பார்க்கலாம். பியர்ஸ் இதைச் சுட்டுக்குறி என்பார், குறிக்கப்படும் பொருளே வந்து குறியைத் தொடுகிறது. மறுகால் பாய்கிற வருஷத்தில் கற்களுக்கு இடையில் மண்ணும் புல்லும் வைத்து அடைத்துக் கூடுதலாகத் தேக்கப் பார்ப்பார்கள் ஆயக்கட்டுக்காரர்கள். உள்வாயில் நிலம் மூழ்குகிறவர்கள் அதைப் பிடுங்கிவிடப் பார்ப்பார்கள். சண்டை கல்லின் முன்னால் நடக்கும். மட்டம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது, அதனாலேயே சண்டை நியாயத்தைப் பற்றியதாக இருக்கும். நல்ல தகவல் படம் அந்தக் கல்லைப் போல இருக்க வேண்டும் என்று சொல்வேன்.

காலண்டர் தாளை பெரியப்பா மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பணம் வரவில்லை, படத்தால் வந்துவிடும் என்று நானும் நினைக்கவில்லை. மறுவாரம் அந்தத் தாளோடு நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, நாலு வயலின் சர்வே எண்ணைக் கேட்டு மனு எழுதித் தரச் சொன்னார். "முந்தி விளங்கல, அதனால சும்மா இருந்தேன். இப்ப விளங்கிருச்சு, இப்பத்தான் வயிறெரியுது" என்றார். மனு எழுதிக் கொடுத்தேன்.